பாயிண்ட் டூ டூ பொம்மையா?

கேள்வி: டாலஸில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். அலுவலக நண்பர்களோடு ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய்வந்ததில் ஆசை பிடித்துவிட்டது. சின்னத் தோட்டாவில் சுடும் .22 ரிவால்வர் வாங்கலாம் என்றால், "அது பொம்மை, .357 மேக்னம் வாங்கு" என்று சிரிக்கிறார்கள். வீட்டுப் பாதுகாப்புக்கும் பொழுதுபோக்குக்கும் சேர்த்து ஒன்று சொல்லுங்களேன்.

பதில்: அவர்கள் சிரிப்பது இருக்கட்டும், உங்களிடம் வேட்டை உரிமம் இருக்கிறதா? எச்-1பி மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்காவின் மத்தியச் சட்டம். அதற்குள்ள விலக்குகளில் நம் ஆட்களுக்கு உதவக்கூடியது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து அரை மணி நேரம் சுட்டாலும் 'வைத்திருந்த' கணக்கில்தான் வரும், ஆகவே நீங்கள் ஏற்கெனவே போய்வந்ததைப் பற்றியும் ஒரு குடிவரவு வக்கீலிடம் பேசிவிடுங்கள். டெக்சாஸின் ஆண்டு வேட்டை உரிமம் ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும். புதுப்பிக்க மறந்தால் மறுநாள் காலை அலமாரியில் சும்மா கிடக்கிற ரிவால்வரே வம்புதான்.

சரி, உரிமம் வாங்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். "பாதுகாப்புக்கும் பொழுதுபோக்குக்கும் சேர்த்து" என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. .22 தோட்டாவுக்குப் பின்பக்க நடுவில் ப்ரைமர் என்று தனியாகக் கிடையாது. பற்றவைக்கிற மருந்து விளிம்புக்குள்ளேயே சுற்றிலும் இருக்கும், ஊசி அந்த விளிம்பை நசுக்கினால்தான் வெடிக்கும், ரிம்ஃபயர் என்ற பெயரே அதனால் வந்ததுதான். மருந்து ஓரிடத்தில் சரியாகப் பரவாமல் போயிருந்தால் 'டிக்' சத்தத்தோடு சரி. போன மாதம் எனக்கு ஐம்பதில் இரண்டு அப்படி ஆயிற்று. குழலை இலக்குப் பக்கமே வைத்து அரை நிமிடம் பொறுத்து, தோட்டாவை வெளியே எடுத்துப் பார்த்தால் விளிம்பில் நகத்தால் கிள்ளினது போல ஒரு பள்ளம். கொஞ்சம் திருப்பிப் போட்டு, அடி வேறு இடத்தில் விழும்படி செய்ததும் ஒன்று வெடித்தது, இன்னொன்று கடைசிவரை மசியவில்லை. ரேஞ்சில் இதற்குச் சிரித்துக்கொள்ளலாம், ராத்திரி இரண்டு மணிக்குக் கதவை உடைக்கிறவன் முன்னால் சிரிப்பு வராது. பாதுகாப்பைத் தனிக் கேள்வியாக அனுப்புங்கள்.

பொழுதுபோக்கு மட்டும் என்றால் .22-ஐ மிஞ்ச ஆளில்லை. 'பொம்மை' என்பவர்களிடம், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி 1857-இல் கொண்டுவந்த முதல் ரிவால்வரே .22 தான் என்று சொல்லுங்கள். ஒரு .357 தோட்டா விலைக்கு இதில் நாலைந்து வாங்கலாம், மணிக்கட்டுக்கு உதையும் கிடையாது. புதிதாகச் சுடுகிறவர்கள் பெரிய துப்பாக்கியில் பிடித்துக்கொள்கிற கெட்ட பழக்கம், அதாவது வெடிப்பதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டு குழலைக் கீழே அமுக்குவது, இதில் அவ்வளவாக ஒட்டாது. ஆனால் சத்தத்தைக் குறைவாக எடை போடாதீர்கள், தோட்டாக்களைச் சுமந்து சுழலும் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடுக்கு வழியாகச் சூடான வாயு சீறும், அங்கே விரல் போகக் கூடாது, காதுக்கு மூடி கட்டாயம்.

எதை வாங்குவது? ட்ரிகரை இழுத்தாலே ஹேமர், அதாவது பின்பக்கச் சுத்தி, தானாக எழும்புகிற டபுள் ஆக்‌ஷன் வகையில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 617, பத்துத் தோட்டா, நல்ல சரக்கு, விலைதான் தலையைச் சுற்றும். விளிம்பை நசுக்க ஸ்பிரிங் பலமாக இருக்க வேண்டும் என்பதால் .22-இல் இந்த வகைக்கு ட்ரிகர் கனமாகவே இருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். 2019-இல் வந்த ரூகர் ராங்ளர் மலிவு. அப்போது கம்பெனி போட்ட விலையே சுமார் 250 டாலர்தான். ஆனால் குறிமுள் அசையாது. உங்கள் கைக்கு அது இடப்பக்கம் சுட்டால் ஆயுசுக்கும் வலப்பக்கம் குறி பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

என் ஓட்டு, 1953-இலிருந்து வந்த ரூகர் சிங்கிள் சிக்ஸுக்கு. குறியைத் திருகித் திருத்தக்கூடிய மாடலாகப் பார்த்து வாங்குங்கள், செகண்ட் ஹேண்ட் தாராளமாகக் கிடைக்கும். 1973-க்கு முந்தையது என்றால் ஐந்து தோட்டா மட்டும் போட்டு, ஹேமர் சிலிண்டரின் காலி அறையின் மேல் இருக்கும்படி வையுங்கள், தவறிக் கீழே விழுந்தால் அது வெடிக்கக்கூடும். கம்பெனிக்கு அனுப்பினால் இலவசமாகவே பாதுகாப்பு பாகம் போட்டுத் தருகிறார்கள். சிலவற்றோடு, சாதாரண .22-ஐவிட நீளமும் பலமும் கூடிய .22 மேக்னம் தோட்டாவுக்கு இன்னொரு சிலிண்டர் வரும். அதில் சாதாரண .22 தோட்டாவைப் போட்டுவிடாதீர்கள், அறை அகலம் என்பதால் தோட்டாவின் கூடு உப்பிக் கிழியும்.

எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் பழையதை வாங்கும்போது டார்ச் அடித்து ஒவ்வொரு அறையின் ஓரத்தையும் பாருங்கள். தோட்டா இல்லாமல் 'டிக் டிக்' என்று விளையாடியிருந்தால் சில மாடல்களில் ஊசி அறையின் ஓரத்திலேயே மோதி அங்கே ஒரு தழும்பு விட்டிருக்கும், அந்தத் தழும்பு புடைத்திருந்தால் தோட்டா உள்ளே போகும்போதே தட்டும்.

சிங்கிள் ஆக்‌ஷனில் (ராங்ளரும் சிங்கிள் சிக்ஸும் அந்த வகைதான்) அவசரமே கிடையாது. பக்கவாட்டுக் கதவைத் திறந்து ஒவ்வொன்றாக ஆறு போட்டு, ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலால் ஹேமரை இழுத்துச் சுட்டு, பிறகு கம்பியால் ஒவ்வொரு காலிக் கூட்டையும் தள்ளி எடுப்பதற்குள் ஐந்து நிமிடம் ஓடிவிடும், .357 நண்பர் அதற்குள் அரைப் பெட்டி காலி செய்துவிட்டு உங்கள் பெஞ்சுக்கு வந்து "ஒரு தடவை கொடேன்" என்பார். கொடுங்கள். ஆனால் முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்கும் முன் இரண்டு பேரும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுங்கள், விரலில் அப்பியிருக்கிற கருப்பில் ஈயமும் இருக்கிறது.