இரண்டு நூல் வித்தியாசம்

கேள்வி: அப்பா காலத்து மகிந்திரா ஜீப் பிக்கப் வைத்திருக்கிறேன். ஆர்.சி.யில் 1967 என்று இருக்கிறது. போடிமெட்டு ஏறித் தோட்டத்துக்குப் போய்வரத்தான் வண்டி. வருஷத்தைச் சொல்லிக் கடையில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் பிடிக்கும் வீல் சிலிண்டர் வாங்கி மாட்டினோம். அதன்பிறகு வெறும் வண்டியாக இறங்கும்போது பின்சக்கரம் பூட்டிக்கொண்டு இழுக்கிறது. பெடலும் இரண்டாவது மிதிக்குத்தான் பிடிக்கிறது. சென்னையில் ஒருவர் ‘ஒரிஜினல் வில்லிஸ் செட்’ இருக்கிறது, பாதிப் பணம் முதலில் அனுப்புங்கள் என்கிறார். வாங்கலாமா?

பதில்: பணம் அனுப்பாதீர்கள். சரிசெய்யும் வரை வண்டியை மலைக்கும் ஏற்றாதீர்கள். உங்கள் வண்டியில் பிரேக் ஆயில் ஓடுவது ஒரே பாதைதான். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். ஹேண்ட் பிரேக்கை நம்பவும் முடியாது. பழைய ஜீப்பில் அது சக்கரத்தில் இல்லை, கியர் பாக்ஸை ஒட்டிய டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், பின்சக்கரத்தைச் சுழற்றும் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. வண்டியை நிறுத்திவைக்கத்தான் அது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கடைக்காரர் நான்கும் ஒரே அளவில், முன்சக்கர அளவில் கொடுத்துவிட்டார். அமெரிக்க வில்லிஸ் கம்பெனி ஜீப்பின் வழி வந்த 9 அங்குல டிரம் ஜீப்பில் முன் சிலிண்டரின் போர், அதாவது உள்விட்டம், 1 அங்குலம், பின்னது முக்கால் அங்குலம். ஒரு நூல் என்பது அரைக்கால் அங்குலம்; பட்டறைக் கணக்கில் எட்டு நூலும் ஆறு நூலும். இரண்டு நூல்தானே என்று தோன்றும். ஆனால் சிலிண்டர் பிரேக் ஷூவை டிரம்மின் மேல் தள்ளும் பலம் குறுக்களவைப் பொறுத்ததல்ல, பரப்பைப் பொறுத்தது. ஆறாறு முப்பத்தாறு, எட்டெட்டு அறுபத்துநாலு. அதாவது பின்பிரேக்குக்கு முக்கால் பங்குக்கும் மேலே கூடுதல் பலம் கொடுத்திருக்கிறீர்கள். மூட்டை இருந்தால் தெரியாது. காலி வண்டி கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது பின்பக்கம் லேசாகிவிடும், சக்கரம் பூட்டும், வால் சுற்றும்.

உதிரி வாங்கும்போது வருஷத்தைச் சொல்லாதீர்கள். ஆர்.சி.யில் இருப்பது வண்டி செய்த வருஷமோ பதிவான வருஷமோதான். இத்தனை காலத்தில் ஆக்சில் மாறியதா, யாராவது 11 அங்குல டிரம் போட்டார்களா என்பதெல்லாம் அதில் இருக்காது. டிரம்மைக் கழற்றி உள்விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். பழைய சிலிண்டரைக் கழுவி வெர்னியர் வைத்துப் பாருங்கள்: 25.4 மி.மீ. வந்தால் 1 அங்குலம், 19 சொச்சம் வந்தால் முக்கால். அந்தப் பழைய சாமானைக் கையில் எடுத்துக்கொண்டு சென்னை புதுப்பேட்டைக்கோ கோவை உக்கடத்துக்கோ நேரில் போங்கள். போனில் போட்டோ பார்த்து வாங்குகிற சாமான் இது இல்லை.

அந்த ‘ஒரிஜினல் செட்’ விஷயம். பிரிக்காத பழைய பெட்டி என்றதும் நம் ஆட்களுக்குக் கண் விரிந்துவிடுகிறது. இரும்பு ஐம்பது வருஷம் தாங்கும், உள்ளே இருக்கும் ரப்பர் தாங்குமா? பெட்டிக்குள்ளேயே இறுகிக் கிடக்கும். பெட்டி மட்டும் பழசாக அச்சடித்து, உள்ளே நேற்று வார்த்த சாமானை வைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். இடையில் நிற்கிற ஆள் தன் கமிஷனைப் பார்ப்பான், உங்கள் போரையா பார்ப்பான்? உண்மையிலேயே பழைய ஸ்டாக்காக இருந்தாலும் சிலிண்டரின் உடலை மட்டும் எடுத்துக்கொண்டு ரப்பர் கிட்டைப் புதிதாகப் போடுங்கள்.

மரையிலும் ஏமாறுவார்கள். பழைய ஜீப்பின் மெல்லிய பைப் நட்டு அங்குல மரை, எட்டில் மூன்று. இப்போது வரும் பல சிலிண்டர்களில் 10 மி.மீ. மரை. பழைய நட்டு அதற்குள் தொளதொளவென்று போய் இறுகினதுபோல நிற்கும். ஓங்கி மிதிக்கிற நாளில் பிய்த்துக்கொண்டு வரும். கசிந்தால் டெஃப்லான் டேப் சுற்றும் மெக்கானிக்கை உடனே மாற்றுங்கள். பிரேக் பைப்பில் கசிவை அடைப்பது மரை இல்லை, பைப் முனையில் விரித்த வாய்.

தேய்ந்த சிலிண்டரை லேத்தில் கடைந்து பெரிய கிட் போட்டுத் தருகிறேன் என்பார்கள். கூடவே கூடாது. ஒரே ஒரு விலக்கு ஸ்லீவ் போடுவது. பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டர் எங்குமே கிடைக்கவில்லை, உடலில் விரிசல் இல்லை, மரை கெடவில்லை என்றால் உள்ளே கடைந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பித்தளைக் குழல் இறுக்கி, பழைய போர் அளவுக்கே திரும்பக் கொண்டுவரலாம். பழைய அளவுக்கே என்பதைக் கவனியுங்கள். அரை நூல் கூடினாலும் அது ஸ்லீவ் இல்லை, கடைசல்தான். ஆயில் டப்பாவிலிருந்து இறங்கும் சிறு துளைகளை ஸ்லீவிலும் அதே இடத்தில் போட்டு, உள்விளிம்பின் பிசிரை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் ரப்பரை அது சீவிவிடும். அந்தச் சின்னத் துளை அடைபட்டால் பிரேக் விடாது, போகப் போகத் தானாகவே இறுகும். வேலை முடிந்ததும் உங்கள் முன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் கூலி கொடுக்காதீர்கள்.

எஃப்.சி. என்ற வண்டித் தகுதிச் சோதனையில் இதெல்லாம் பார்ப்பார்களே என்று நினைக்காதீர்கள். வாசலிலேயே புரோக்கர் நிற்கிறார். பெயின்ட் மின்னுகிறதா, ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி. 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு விண்டேஜ் பதிவு என்று 2021-ல் விதி போட்டார்கள். அதில் போனால் கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டலாம், தொழிலுக்கு ஓட்டக்கூடாது. பழைய வண்டியை வைத்துப் பிழைக்கிறவன் அவர்கள் கணக்கிலேயே இல்லை.

இரண்டாவது மிதி பிரச்சினைக்குப் பெரும்பாலும் காசு செலவில்லை. இந்த ஷூக்கள் தானாக அட்ஜஸ்ட் ஆகாது. பின்தட்டில் உள்ள, ஷூவை நகர்த்தும் எக்சென்ட்ரிக்கைத் திருப்பி இடைவெளியைக் குறைத்துவிட்டு, ஆயில் பைப்பில் தங்கிய ஏரை எடுங்கள். லைனிங் நீளமான ஷூ ஒவ்வொரு சக்கரத்திலும் வண்டியின் முன்பக்கம் பார்த்து வர வேண்டும். டிஓடி 3 பிரேக் ஆயில் போதும். இன்ஜின் ஆயில் ஒரு சொட்டு கலந்தாலும் ரப்பரெல்லாம் ஊதிவிடும். பழைய லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஏர் அடித்து ஊதாமல் நனைத்துத் துடையுங்கள்.

சக்கரத்தைக் கழற்றும் முன் ஒன்று. இடப்பக்க நட்டுகள் எதிர்மரையாக இருக்கலாம், ஸ்டட் முனையில் ‘எல்’ எழுத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் ஸ்பானரில் பைப் மாட்டி ஏறி மிதித்து, மூன்று ஸ்டட்டை முறித்துக்கொண்டு என்னிடம் வந்தவர் உண்டு.