கணிப்பு பலித்தாலும் காசு வராத சந்தை
வாசகர் கேள்வி – பதில்

நடக்கப்போவதைக் கணித்துப் பணம் கட்டும் பாலிமார்க்கெட் இணையதளத்தில் ஒரு வேட்பாளருக்கு ‘62 சென்ட்’ என்று காட்டுகிறார்களே, அது கருத்துக்கணிப்பா? அமெரிக்காவில் இது சட்டப்படி செல்லுமா?
– வாசகர், திருச்சி

அது விலை. ‘ஆம்’ பங்கும் ‘இல்லை’ பங்கும் சேர்ந்தால் 1 டாலர். 62 சென்ட் வீதம் 100 ‘ஆம்’ பங்கு வாங்கினால் 62 டாலர் போகும். பலித்தால் கைக்கு 100, பலிக்காவிட்டால் பூஜ்யம். பணம் பாலிகான் என்ற பிளாக்செயினில், அதாவது எல்லோரும் பார்க்கக்கூடிய டிஜிட்டல் பதிவேட்டில், டாலர் மதிப்புள்ள கிரிப்டோ நாணயமாகப் புழங்குகிறது.

சட்டம் பற்றிக் கேட்டால், எந்த ஆண்டைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. முன்பேர வர்த்தகத்தைக் கண்காணிக்கும் சிஎஃப்டிசி ஆணையம், பதிவு பெறாமல் பைனரி ஆப்ஷன் (ஆம்–இல்லை ஒப்பந்தம்) விற்றதற்காக 2022 ஜனவரியில் பாலிமார்க்கெட்டுக்கு 14 லட்சம் டாலர் அபராதம் போட்டது. அமெரிக்கர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. 2024 அதிபர் தேர்தல் முடிந்த மறுவாரமே நிறுவனர் ஷேன் கோப்லான் வீட்டில் எஃப்பிஐ சோதனை. 2025 ஜூலையில் குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் விசாரணை மூடப்பட்டது; அதே மாதம், சிஎஃப்டிசி உரிமம் பெற்ற க்யூசிஇஎக்ஸ் என்ற வர்த்தகச் சந்தை நிறுவனத்தை 11.2 கோடி டாலருக்கு வாங்கினார்கள். இத்தனைக்கும் நடுவில் சட்டத்தில் ஒரு வரி மாறவில்லை. வாஷிங்டனில் ஆட்சி மாறியது. நெவாடா, நியூஜெர்சி போன்ற மாநிலங்களோ, விளையாட்டுப் போட்டிகள் மீதான இதே வகை ஒப்பந்தங்கள் சூதாட்டம்தான் என்று, இன்னொரு கணிப்புச் சந்தையான கல்ஷி நிறுவனத்தோடு கோர்ட்டில் மல்லுக்கு நின்றன.

நாம் சொன்னது அப்படியே நடந்தும் பணம் போக வாய்ப்பு உண்டா?
– வாசகர், மதுரை

உண்டு. பலர் கவனிக்காத ஓட்டை இதுதான்.

அரசியல் கேள்விகளின் முடிவைப் பெரும்பாலும் யூஎம்ஏ என்ற ஏற்பாடு தீர்மானிக்கிறது. ஒருவர் வழக்கமாக 750 டாலர் பிணை கட்டி ‘முடிவு ஆம்’ என்று முன்மொழிவார். 2 மணி நேரத்துக்குள் யாரும் மறுக்காவிட்டால் அதுவே தீர்ப்பு. மறுப்பவரும் அதே அளவு பிணை கட்ட வேண்டும். முதல் மறுப்பில் கேள்வி புதிதாகத் தொடங்கும். இரண்டாவது மறுப்பும் வந்தால், யூஎம்ஏ டோக்கன் (அந்த ஏற்பாட்டின் கிரிப்டோ நாணயம்) வைத்திருப்பவர்கள் ஓட்டுப் போடுவார்கள். ஆளுக்கு ஒரு ஓட்டு என்று நினைத்துவிடாதீர்கள். டோக்கன் எத்தனையோ, ஓட்டின் பலம் அத்தனை. அவர்களே அந்தச் சந்தையில் பணம் போட்டிருக்கவும் கூடும்.

2025 மார்ச்சில் ‘ஏப்ரல் பிறப்பதற்குள் டிரம்ப்போடு உக்ரைன் கனிம ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்குமா’ என்ற கேள்வியில் சுமார் 70 லட்சம் டாலர் புரண்டது. ஒப்பந்தம் கையெழுத்தானது ஏப்ரல் 30-ல்தான். ஆனால் மார்ச்சிலேயே ‘ஆம்’ என்று தீர்ப்பாகிவிட்டது. டோக்கனைக் குவித்து வைத்திருந்த ஒரு பெரும்புள்ளிதான் ஓட்டைச் சாய்த்தார் என்று இழந்தவர்கள் கொதித்தார்கள். பணத்தைத் திருப்பித் தர பாலிமார்க்கெட் மறுத்துவிட்டது.

ஆகவே தலைப்பை மட்டும் பார்த்து வாங்குவது மடத்தனம். கீழே உள்ள விதிமுறையில் மூன்றைத் தேடுங்கள்: எந்த நேர மண்டலத்தில் கெடு, எந்தச் செய்தி மூலம் செல்லும், ‘சம்மதம்’ என்றால் அறிவிப்பா கையெழுத்தா. மூன்றாவது தெளிவாக இல்லாவிட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன் போட்டால் சிங்கப்பூரிலிருந்து விளையாடலாம் என்கிறார்களே?
– வாசகர், சிங்கப்பூர்

தளம் திறக்கும், குற்றம் மறையாது. 2025 ஜனவரியில் அங்கே பாலிமார்க்கெட் முடக்கப்பட்டது. உரிமம் இல்லாத தளத்தில் பந்தயம் கட்டுபவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பிளாக்செயின் பதிவை அழிக்க வழியில்லை. நாணயம் வாங்கிய எக்ஸ்சேஞ்சில் உங்கள் பாஸ்போர்ட் நகல் இருக்கும். வாலெட்டையும் (நாணயம் வைத்திருக்கும் டிஜிட்டல் பை) ஆளையும் இணைக்க அது போதும். தடையை விபிஎன் கொண்டு தாண்டுவது தளத்தின் விதிக்கும் விரோதம் என்பதால், பணம் சிக்கினால் அங்கேயும் முறையிட முடியாது.

தமிழ்நாட்டில் இருப்பவர் என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகர், ஈரோடு

மாநிலத்தின் 2022-ம் ஆண்டு சட்டத்தில் ஆன்லைன் பந்தயம் கட்டுபவருக்கே 3 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்திய சட்டம் ஆடுபவரை விட்டுவிட்டு நடத்துபவரையும் விளம்பரம் செய்பவரையும் பிடிக்கிறது. விளம்பரத்துக்கு 2 வருடம், 50 லட்சம் ரூபாய் வரை. டெலிகிராமில் ரெஃபரல் லிங்க் போடுபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

வரி தனிக் கதை. கிரிப்டோ லாபத்துக்கு 30%, மேலே செஸ். நஷ்டத்தைக் கழிக்க விடமாட்டார்கள்.

நடைமுறையில் ஆளைக் கவிழ்ப்பது பி2பி, அதாவது ஆளுக்கு ஆள் நேரடி விற்பனை. ஜெயித்த நாணயத்தை முன்பின் தெரியாதவருக்கு விற்கிறீர்கள். அவர் அனுப்பும் ரூபாய் யாரோ ஏமாந்த பணமாக இருக்கலாம். ஏமாந்தவர் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணில் புகார் கொடுத்தால், வேறு மாநில சைபர் போலீஸ் சொல்லி உங்கள் வங்கி கணக்கை முடக்கும். கிளையில் புகார் எண்ணையும் காவல் நிலையத்தின் பெயரையும் வாங்கி, ஆர்டர் எண், சாட், வாலெட் பரிவர்த்தனைக் குறியீடு எல்லாவற்றையும் விசாரணை அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். ‘இந்த நாணயம் உங்களுக்கு எப்படி வந்தது’ என்பது அவர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும். பந்தயத்தில் வந்தது என்று எழுதிக் கொடுத்தால், மாநிலச் சட்டப்படி அதுவே ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி ஆகிவிடும்.