ஆறு மாதத்தில் அப் செய்யலாமா?

கேள்வி: உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி, கெம்பஸ் கிடைக்கவில்லை. இங்கே ஒரு தனியார் நிறுவனம் ஆறு மாதத்தில் போன் அப் (செயலி) செய்யப் பழக்கி, வேலையும் எடுத்துத் தருகிறதாம். சேரலாமா, அண்ணா?
— வாசகி, உப்புவெளி

பதில்: வர்த்தகம் படித்தது தடையே இல்லை, தங்கச்சி. வரவு செலவு தெரிந்தவர்களுக்கு, அப் தன் தகவலைச் சேர்த்து வைக்கும் தரவுத்தளம் சீக்கிரம் பிடிபடும் என்பது நான் பிள்ளைகளிடம் பார்த்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பி.ஐ.ரி. என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டத்தை விசாரியுங்கள். எந்தப் பிரிவில் படித்திருந்தாலும் சேரலாம். முதலாம் ஆண்டோடு நின்றாலும் டிப்ளோமா உண்டு. ஆங்கில மொழிமூலம்தான், பயப்படாதீர்கள்.

அந்த நிறுவனத்திடம் இரண்டு கேள்வி கேளுங்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு உண்டா? சான்றிதழ் என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமையில் எத்தனையாம் மட்டம்? 4 என்றால் சான்றிதழ், 5 என்றால் டிப்ளோமா. வேலை வாக்குறுதியை நான் காதில் போடுவதில்லை. பழைய மாணவர் செய்த அப் ஒன்றைப் போனில் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

காசு கட்டுமுன், மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக நடத்தும் பாடநெறியில் பைதன் என்ற நிரல் மொழியைத் தொட்டுப் பாருங்கள். இதற்குப் பழைய மடிக்கணினி போதும். அண்ட்ரொய்ட் போன் அப் எழுதும் மென்பொருளான அண்ட்ரொய்ட் ஸ்டூடியோதான் 8 ஜிபி ராம் இருந்தாலும் முக்கும். வாங்குவதானால் 16 எடுங்கள். பிறகு அண்ட்ரொய்ட் அப் எழுதும் மொழியான கொட்லின் படித்து, மத்திய வீதியில் தெரிந்த கடை ஒன்றுக்குக் கடன் கொப்பி அப் எழுதுங்கள். நேர்முகத்தில் அதைத்தான் கேட்பார்கள்.