இடிப்பதற்குச் சேரும் பணம்

அன்புள்ள ஐயா,

பழைய கட்டடங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எங்கள் ஊர் தெற்கே தேரிக்காட்டை ஒட்டியது. எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயில் என் பாட்டனாரின் தகப்பனார் காலத்தில் கட்டியது. செங்கல், சுண்ணாம்பு, தேக்கு உத்தரம் போட்ட மட்டப்பா, அதாவது தட்டைக் கூரை. சில ஆண்டுகளாக மழைக்கு ஒழுகுகிறது. சுவரில் காரை பெயர்ந்து விழுகிறது. இடித்துவிட்டு இரட்டைக் கோபுரத்தோடு கான்கிரீட்டில் பெரிதாகக் கட்டிவிடலாம் என்று பங்குப் பேரவையில் பேசுகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் பணம் தரத் தயார். அல்லது சிமெண்டு பூசி, கிரானைட் ஒட்டிப் புதிது போல ஆக்கித் தருவதாக ஒப்பந்தக்காரர் சொல்கிறார். இளைஞர்கள் நாங்கள், பழையதைப் பழுதுபார்த்து, மாலை வேளையில் பிள்ளைகள் படிக்கவும் பயன்படுத்தலாம் என்கிறோம். நற்கருணை (திருப்பலியில் அர்ச்சித்த அப்பம்) இருக்கும் இடத்தில் அது ஆகாது என்கிறார்கள் பெரியவர்கள். எல்லாத் தெருப் பிள்ளைகளும் வந்து ஏறி இறங்குவார்கள் என்ற முணுமுணுப்பும் உண்டு. உங்கள் கருத்தை அறிய ஆவல்.

பெயர் வெளியிட வேண்டாம்.

தங்கள் வாசகன்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோயில் ஒழுகுவதைவிட, அதற்குப் பணம் தயாராக இருப்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. கையில் காசில்லாத பங்குகளில் பழைய கோயில்கள் எப்படியோ தப்பிவிடுகின்றன. ஆண்டுக்கொரு முறை வெள்ளையடிப்பதற்கு மேல் அங்கே ஒன்றும் செய்ய முடியாது, சுண்ணாம்புச் சுவருக்கு வேண்டியதும் ஏறக்குறைய அவ்வளவுதான். பணம் வந்ததும் கடப்பாரை வந்துவிடுகிறது. ஓட்டையை அடைத்துக் கொடுத்தவர் பெயரை யாரும் கல்லில் வெட்டுவதில்லை. கோபுரம் கட்டிக் கொடுத்தவர் பெயரை வெட்டுவார்கள். நன்கொடையாளர்களைக் குறை சொல்லவில்லை. கேட்கிறவர்கள் எதைக் கேட்கிறார்களோ அதைத்தான் அவர்கள் தருவார்கள்.

இங்கிலாந்திலும் இதே கதை நடந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பக்தியும் செல்வமும் ஒருசேரப் பெருகிய காலத்தில், இடைக்காலப் பங்குக் கோயில்களின் பழைய பூச்சுகளைச் சுரண்டி எடுத்து, பின்னால் சேர்த்துக் கட்டியவற்றைப் பிடுங்கி எறிந்து, எல்லாவற்றையும் ஒரே அச்சில் 'மீட்டெடுத்தார்கள்'. அதைப் பொறுக்காமல் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1877இல் ஒரு சங்கமே தொடங்கினார். அன்றாடப் பராமரிப்பால் சிதைவைத் தள்ளிப்போடுங்கள், அதற்கு மேல் கை வைக்காதீர்கள் என்பதே அதன் கொள்கை. அந்தச் சங்கம் இன்றும் இயங்குகிறது.

இனி உங்கள் சுவருக்கு வருவோம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், இழுத்ததை வெயிலிலும் காற்றிலும் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். மண்ணிலிருந்து ஏறிய உப்பு, பூச்சுக்குப் பின்னால் பொரிந்து செங்கல்லை மாவாக்கும். பக்கத்து ஊர்களில் ஐந்தடி உயரத்துக்கு டைல்ஸ் பதித்த பழைய கோயில் ஏதேனும் இருந்தால் போய்ப் பாருங்கள். டைல்ஸ் முடிகிற இடத்துக்கு ஒரு சாண் மேலே, பழுப்பு நிறத்தில் ஒரு ஈரக்கோடு சுவர் நெடுக ஓடும். விரலால் தொட்டால் வெள்ளையாகத் தூள் ஒட்டும். ஈரம் எங்கும் போய்விடவில்லை, மேலே ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் ஒப்பந்தக்காரர் கிரானைட் ஒட்டினாலும் இதுதான் நடக்கும்.

கோயிலுக்குள் போய்க் காரையை விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். கெட்டியாக ஒலிக்கும் இடத்தைத் தொட வேண்டாம். பொக்கென்று ஒலிக்கும் இடத்தை மட்டும் கொத்தி எடுத்து, மறுபடியும் சுண்ணாம்பிலேயே பூச வேண்டும். நீற்றிய சுண்ணாம்பை வாரக்கணக்கில் ஊறவைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டு அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் காரைக்குடிப் பக்கம் இன்றும் இருக்கிறார்கள். வேலை மெதுவாகத்தான் நடக்கும். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொண்டுதான் இறுகும். திருவிழாத் தேதியைக் காட்டி அதை அவசரப்படுத்த முடியாது.

மட்டப்பாவைப் பற்றி. உத்தரத்தின்மேல் தேக்குக் கட்டைகளை அடுக்கி, அவற்றின்மேல் செங்கல்லைச் சாய்வாக நிறுத்திவைத்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கிய கூரை அது. அதற்கு மேலே தட்டோடு என்னும் தட்டையான சுட்ட ஓடு. ஒழுகுகிறது என்றதும் வழக்கமாகச் செய்வது, அதன் தலையில் இன்னும் ஒரு கான்கிரீட் அடுக்கைப் போடுவது. பாரம் கூடும், ஒழுகல் நிற்காது, ஈரம் மாட்டிக்கொண்டு கட்டையின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில் உளுத்துப்போகும். உங்கள் கோயிலில் இப்படி ஏற்கெனவே எத்தனை அடுக்கு போட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். மழைநீர்த் தூம்பு அடைபட்டிருக்கிறதா, கைப்பிடிச் சுவரில் அரசோ ஆலோ முளைத்திருக்கிறதா என்பதையும். கன்றை மேலோடு வெட்டினால் வேர் தடித்துக்கொண்டே போகும். வேரோடு எடுத்து, வெடிப்பைச் சாந்தால் அடைக்க வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்து 'மேரி' (நகராட்சி மன்றக்) கட்டடம் நெடுங்காலம் பழுதாகவே கிடந்து, 2014 நவம்பர் மழையில் இடிந்தே விழுந்தது. காத்திருப்பதற்கும் ஒரு எல்லை உண்டு.

அடுத்து, பிள்ளைகள் படிப்பது. லண்டனில் 'போ' (Bow) என்ற பகுதியில் புனித பவுல் கோயில் என்று ஒன்று. 1878இல் கட்டியது, பாழடைந்து ஆபத்தான நிலையில் மூடிக் கிடந்தது. 2004இல் மறுபடி திறந்தபோது, கோயிலின் உள்ளேயே இரும்புத் தூண்கள்மேல் ஒரு மரப்பேழையைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். அதற்குள் கூட்ட அறைகள், உடற்பயிற்சிக் கூடம்; கீழே வழக்கம்போல் வழிபாடு. நமக்கு அந்தச் செலவெல்லாம் எதற்கு? அங்கே பாதிச் சண்டை, தரையோடு பொருத்திய பழைய பெஞ்சுகளை அகற்றலாமா கூடாதா என்பதில்தான். நம் கிராமக் கோயில்களில் சனம் தரையில் உட்கார்கிறது. பாயைச் சுருட்டினால் கூடம் காலி.

நற்கருணையைப் பற்றிய பெரியவர்களின் தயக்கத்தை நான் மதிக்கிறேன். அதற்கு வழியும் இருக்கிறது. கோயிலை வேறு நல்ல காரியத்துக்குப் பயன்படுத்த, இடத்தின் புனிதத்துக்கு மாறாக இல்லாதவரை, அந்தந்த வேளைக்கு ஆயர் அனுமதி தரலாம் என்று திருச்சபைச் சட்டத்தின் 1210ஆவது பிரிவே சொல்கிறது. நற்கருணைப் பேழையைப் பக்கத்துச் சிற்றறைக்கு மாற்றிக்கொள்ளலாம், பீடத்துக்கு முன் மடக்கு மறைப்பு வைக்கலாம். இதையெல்லாம் பங்குத்தந்தை உங்களைவிட நன்றாக அறிவார்.

ஆனால் அந்த முணுமுணுப்பை ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே! அதுதான் உண்மையான தடை என்று எனக்குப் படுகிறது. உங்களுக்குத் திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம் தெரிந்திருக்கும். 1872இல் அங்கே கட்டிய திருக்குடும்பக் கோயிலில் பீடம் ஒன்று, அதை நோக்கி வரும் கூடங்கள் இரண்டு, நடுவில் சுவர். வெள்ளாளரும் அவர்களைச் சார்ந்தோரும் ஒரு பக்கம், நாடார் முதலிய மற்றவர்கள் மறுபக்கம். 1910இல் அங்கே பங்குத்தந்தையாக இருந்த கௌசானல் அடிகள் அந்தச் சுவரை இடித்தார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. சுவரைத் திரும்பக் கேட்டவர்கள் தோற்றார்கள். பழைய கட்டடங்களில் ஒரு செங்கல்லையும் தொடாதே என்று சொல்லும் நான், அந்த இடிப்பை மட்டும் மனதாரப் பாராட்டுவேன்.

ஆகவே பேரவையில் கோபுரத்தைப் பற்றிப் பேசும் முன் இதைப் பேசுங்கள்: மாலையில் எந்தத் தெருப் பிள்ளை வந்தாலும் உட்காரலாமா? ஆம் என்றால் பழைய கோயில் போதும். இல்லை என்றால் புதுக் கோயிலிலும் அதே முணுமுணுப்பு, ஒலிபெருக்கியோடு.

பணத்துக்கு ஒரு தகவல். சொந்தக் கட்டடத்தில் இயங்கும் பழைய தேவாலயங்களைச் சீரமைக்கத் தமிழக அரசின் நிதியுதவித் திட்டம் இருக்கிறது. மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் விண்ணப்பம் கிடைக்கும். வெளிநாட்டு நிதி பெற்றிருக்கக் கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை. எனவே உங்கள் ஊர்க்காரர்களிடம் ஒரு ரூபாய் வாங்கும் முன் அங்கே போய் விசாரித்துவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் தூம்பும் தட்டோடும் முடிந்தாக வேண்டும். பூச்சு வேலை தைக்கு மேல் ஆகட்டும். ஒப்பந்தக்காரரின் மதிப்பீட்டை அனுப்பினால் எவற்றை அடிக்கலாம் என்று குறித்துத் தருகிறேன். கிரானைட் என்று தொடங்கும் வரிகளை நீங்களே அடித்துவிடலாம்.

அன்புடன்