காங்கேயம் எருதுக்குக் கொம்புல கேன்சர், லைபோசோம் ஊசி போடலாமுங்களா?

கேள்வி: வெள்ளகோயில் பக்கமுங்க. மயிலை எருது, எட்டு வயசு. எடது கொம்பு சாஞ்சுபோய் அந்தப் பக்க மூக்குல ரத்தச்சளி வருது. கொம்பு கேன்சர், எடுத்தே ஆகோணும்னு டாக்டர் சொல்றாருங்க. எதிர்ப்பு சக்தியத் தூண்டற லைபோசோம் ஊசி இருக்குது, கொம்ப எடுக்காமயே சரியாயிடும்னு பையன் நெட்ல பாத்துச் சொல்றான். கெடைக்குமுங்களா?

பதில்: பையன் பாத்தது பொய்யில்லீங்க, ஆனா பாதிதான் படிச்சிருக்காப்ல. அது எம்டிபி-பிஇங்கற மருந்து, பாக்டீரியாவோட செல் சுவர்ல இருக்கற ஒரு துணுக்கைப் பாத்து லேப்ல செஞ்சது. அத லைபோசோம்ங்கற, கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழிக்குள்ள வெச்சு நரம்புல ஏத்துனா, நுரையீரல் மண்ணீரல்ல இருக்கற மேக்ரோபேஜுங்கற எதிர்ப்பு சக்தி செல்லுங்க குமிழிய முழுங்கிட்டு, பட்டியில தூங்குன நாய் முழிச்சாப்ல கேன்சர் செல்லத் தேடிக் கடிக்க ஆரம்பிக்குதுங்க. அமெரிக்காவுல விஸ்கான்சின் யுனிவர்சிட்டில மெக்யூவன் குழு எலும்பு கேன்சர் வந்த நாய்ங்களுக்குப் போட்டுப் பாத்து 1989ல வெளியிட்டாங்க, மருந்தில்லாத வெறும் லைபோசோம் போட்டதுங்கள்ல பாதி 77 நாள் தாண்டல, மருந்து போட்டதுங்கள்ல பாதி 222 நாள் தாண்டுச்சு. ஆனா எல்லா நாய்க்கும் மொதல்ல காலை எடுத்துட்டுத்தான் போட்டாங்க, பையன் விட்டது இதத்தானுங்க. கட்டிய எடுத்தப்புறம் அங்கங்க ஒளிஞ்சிருக்கற நாலஞ்சு செல்லத்தான் அது தீர்க்கும், கொம்பு நெறையப் பூத்திருக்கற கட்டிய அதால ஒண்ணும் பண்ண முடியாது. 2009ல ஐரோப்பாவுல மனுசங்களுக்கு அனுமதி கொடுத்ததும் எலும்பு கேன்சருக்கு ஆபரேசன் பண்ணுனப்புறம் கீமோவோட சேத்துப் போடத்தான். விலையும் எருதை வித்தாக்கூடக் கட்டாதுங்க.

அதனால அத விட்டுருங்க. நாமக்கல் கால்நடை கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வண்டியேத்துங்க, நின்னபடியே மரத்துப்போற ஊசி போட்டுக் கொம்ப எடுப்பாங்க. அப்புறம் வின்கிரிஸ்டின்ங்கற கேன்சர் ஊசி வாராவாரம் போடச் சொல்லலாம், நம்மூர் நித்தியகல்யாணியில இருந்து எடுக்கறதுதான், நரம்ப விட்டு வெளிய கசிஞ்சா சதையே வெந்துரும், அதனால டாக்டர்தான் போடோணும், கம்பவுண்டர் வேண்டாம். ஊசி போட்ட நாலஞ்சு நாளைக்கு சாணி மூத்திரத்த வெறுங்கையில அள்ளாதீங்க. சூடு வெக்கறேன்னு எவனாச்சும் வந்தா வாசல்லயே அனுப்பிருங்க, அதுலயே மாசம் போயி கட்டி மண்டைக்குள்ள எறங்குன மாடுங்க எத்தனையோ.

கொம்பு எடுத்த குழி நேரா நெத்தி எலும்புக்குள்ள போகுது, கட்டு பிரிக்கற வரைக்கும் தண்ணி படாம, ஈ மொய்க்காம பாத்துக்கங்க.