நானோ மருந்து ரத்தத்துக்குள் போனதும் புரதங்கள் அதை என்ன செய்கின்றன?

கேள்வி: "நானோ மருந்தை ரத்தத்தில் ஏற்றினால் அது நேராகப் புற்றுக்கட்டியைத் தேடிப் போய்விடும் என்று படித்தேன். வழியில் இருக்கும் புரதங்கள் அதை ஒன்றும் செய்யாதா? ஒட்டாமல் தடுக்க வழி உண்டா?"

நானோ மருந்து என்பது மருந்தைச் சுமக்கும் மிக நுண்ணிய துகள். அது நேராகப் போகாது. புரதங்களும் அதைச் சும்மா விடாது. ஆறு ஆண்டுகள் ஆய்வகத்தில் இதே வேலையாக இருந்தவன் என்பதால், துகளிலிருந்து கட்டிவரை ஓர் அம்புக்குறி போட்டு முடித்துவிடும் படங்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். அந்த அம்புக்குறிக்கு நடுவில்தான் கதை முழுவதும் இருக்கிறது.

நான் சேர்ந்த முதல் வாரம் என் வழிகாட்டி ஒரு சோதனையைச் செய்யச் சொன்னார். ஏறத்தாழ 20 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்கள் மிதக்கும் நீர் மாதுளைச் சாறு போலச் சிவந்திருக்கும். அதை இரண்டு குழாய்களில் எடுத்துக்கொண்டேன். முதல் குழாயில் உப்புக் கரைசலைச் சில சொட்டுகள் விட்டதும் சிவப்பு கலங்கி ஊதாவாகி நீலமானது. துகள்களை ஒன்றோடொன்று சேரவிடாமல் விலக்கி வைத்திருந்தது அவற்றின் மின்சுமை. உப்பு அதை மறைத்துவிட, எல்லாம் ஒட்டித் திரண்டுவிட்டன. இரண்டாவது குழாயில் முதலில் ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தைக் கொஞ்சம் கலந்து, சில நிமிடங்கள் பொறுத்து, அதே அளவு உப்பை விட்டேன். நிறம் அப்படியே இருந்தது. "இப்போது உப்பின் கண்ணில் படுவது தங்கமா?" என்று கேட்டார் வழிகாட்டி. புரதம் துகளைப் போர்த்திக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத போர்வை, ஆனால் அது இருக்கிறது என்பதை நிறம் காட்டிக்கொடுத்துவிட்டது.

சோதனைக்குழாயில் இருந்தது ஒரே ஒரு புரதம். ரத்தத்தின் கதை வேறு. ரத்த செல்கள் நீங்கலான நீர்மம்தான் பிளாஸ்மா. அதில் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதம் உண்டு, அதில் பாதிக்கு மேல் ஆல்புமின். அதுபோக நூற்றுக்கணக்கான வகைகள். துகள் உள்ளே நுழைந்ததும் பஸ் நிலையத்துக்குள் காலி பஸ் வந்தது போலத்தான். கூட்டத்தில் அதிகம் பேர் யாரோ அவர்கள்தான் முதலில் ஏறி உட்காருவார்கள், அதாவது ஆல்புமின். பிறகு முன்பதிவுச் சீட்டோடு வருகிறவர்கள் அவர்களை எழுப்பிவிட்டு உட்காருவார்கள்: எண்ணிக்கையில் குறைவு, ஆனால் பிடிப்பு அதிகம் உள்ள புரதங்கள். இந்த இடமாற்றத்துக்கு விரோமன் விளைவு என்று பெயர். 1960களில் கண்ணாடி போன்ற பரப்புகளில் ரத்தப் புரதங்கள் படிவதை ஆராய்ந்து இதைக் கண்டவர் லியோ விரோமன். நெதர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ரத்தவியலாளர், டச்சு மொழியின் பெரிய கவிஞரும்கூட. நானோ மருந்து என்ற பேச்சே அன்று கிடையாது.

துகளின்மேல் படியும் இந்தப் போர்வைக்கு 2007-இல் டப்ளின், லுண்ட் பல்கலைக்கழகக் குழுக்கள் 'புரத கொரோனா' என்று பெயர் வைத்தன. லத்தீனில் கொரோனா என்றால் மகுடம். 2020-இல் ஒரு கல்யாண வீட்டில் "கொரோனாவில் ஆராய்ச்சி" என்று சொல்லிவிட்டு நான் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். அதிலிருந்து புரத மகுடம் என்றே சொல்லி வருகிறேன்.

மகுடம் உருவாக எவ்வளவு நேரம் ஆகும்? சிலிக்கா, பாலிஸ்டைரீன் துகள்களைப் பிளாஸ்மாவில் இட்டு 2013-இல் பார்த்தபோது, அரை நிமிடத்துக்குள் ஏறத்தாழ 300 வகைப் புரதங்கள் ஒட்டியிருந்தன. செவிலியர் ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்துவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு செல்கள் தொட்டுப் பார்ப்பது கம்பெனி தயாரித்த பரப்பை விட இந்தப் போர்வையைத்தான்.

ஒட்டும் புரதங்களில் ஆன்டிபாடிகளும், காம்ப்ளிமென்ட் எனப்படும் தற்காப்புப் புரதங்களும் இருந்தால் துகளின் கதி தெரிந்ததுதான். 'இது அந்நியப் பொருள்' என்று முத்திரை குத்தியது போல, கல்லீரலிலும் மண்ணீரலிலும் காத்திருக்கும் விழுங்கு செல்கள் அதை இழுத்துக்கொள்ளும். இன்னொரு சிக்கலும் உண்டு. புற்று செல்கள் பலவற்றின் மேல் டிரான்ஸ்ஃபெரின் என்ற இரும்பு சுமக்கும் புரதத்துக்கான ஏற்பிகள், அதாவது அதைப் பிடித்துக்கொள்ளும் கொக்கிகள், அதிகம். அதனால் துகளின் மேல் டிரான்ஸ்ஃபெரினைப் பொருத்தினால் கட்டியை அது தேடிப் பிடிக்கும் என்பது கணக்கு. டப்ளின் குழு அப்படிப்பட்ட சிலிக்கா துகள்களைச் சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்த பின் பிரியும் புரதம் நிறைந்த நீர்மத்தில், இட்டுச் சோதித்தது. துகள்கள் செல்லுக்குள் போயின, ஆனால் ஏற்பியை அடையாளம் கண்டு போகவில்லை. மற்ற புரதங்கள் படிந்து டிரான்ஸ்ஃபெரினை மூடிவிட்டிருந்தன. வெறும் உப்புக் கரைசலில் வெற்றி கண்ட எத்தனையோ வடிவமைப்புகள் சீரத்தைக் கண்டதும் படுத்துவிடும். என்னுடையவை இரண்டு அதில் அடக்கம்.

ஒட்டாமல் தடுப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். குறைக்கலாம், முழுக்கத் தடுக்க முடியாது. பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற நீரை விரும்பும் நீண்ட சங்கிலிகளைத் துகளின் மேல் புல்தரை மாதிரி நட்டுவிட்டால் புரதங்கள் நெருங்குவது கடினம். அமெரிக்காவில் 1995-இல் அனுமதி பெற்ற டாக்சில் இந்த வகை. டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தைக் கொழுப்புக் குமிழுக்குள் அடைத்து, மேலே இந்தச் சங்கிலிகளை நட்ட மருந்து. தனியாகக் கொடுத்தால் நிமிடங்களில் ரத்தத்தை விட்டு வெளியேறத் தொடங்கும் மருந்து, இந்தக் குமிழுக்குள் நாள் கணக்கில் சுற்றி வருகிறது.

என் சித்திக்குச் சினைப்பைப் புற்றுநோய்க்கு இந்த வகை மருந்தைத்தான் ஏற்றினார்கள். செந்நிறப் பையிலிருந்து முதல் நாள் சொட்டு அவ்வளவு மெதுவாக இறங்கியது. "ஏம்மா, குழாய் அடைச்சிருக்கா?" என்று சித்தி செவிலியரிடம் கேட்டார். அடைப்பு ஒன்றும் இல்லை. புல்தரையைத் தாண்டியும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் சிலருக்குத் தூண்டப்பட்டு, முகம் சிவந்து மூச்சு முட்டலாம். பெரும்பாலும் முதல் தடவையில்தான் இது வரும் என்பதால் அந்த நிதானம். போதாக்குறைக்கு, அந்தச் சங்கிலிக்கு எதிராகவே சிலர் உடலில் ஆன்டிபாடி உருவாகிறது.

தடுப்பதை விட்டுவிட்டு, ஒட்டுவதைப் பயன்படுத்திக்கொள்ளும் வழிதான் எனக்குப் பிடித்தது. 2018-இல் அனுமதி பெற்ற பாட்டிசிரான், ஆர்என்ஏவைச் சுமக்கும் கொழுப்புத் துகள். கல்லீரலில் தவறாக உருவாகி நரம்புகளில் படியும் ஒரு புரதத்தின் உற்பத்தியைக் குறைப்பது அதன் வேலை. ரத்தத்துக்குள் போனதும் தன் பாலிஎத்திலீன் கிளைக்கால் சங்கிலிகளைத் துகள் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துவிடும். காலியான இடத்தில் அப்போலிப்போபுரதம்-ஈ வந்து ஏறிக்கொள்ளும். அது கொழுப்பைக் கல்லீரலுக்குக் கொண்டுபோகும் புரதம். கல்லீரல் செல்களும் வழக்கமான சரக்கு என்று நினைத்துக் கதவைத் திறந்துவிடுகின்றன. கொழுப்புக் கலவையில் நேர்மின்சுமை கொண்ட ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தால் ஒட்டும் புரதங்களே மாறி, துகள்கள் கல்லீரலுக்குப் பதில் நுரையீரலுக்குப் போகின்றன என்று டெக்சாஸ் குழு ஒன்று எலிகளில் காட்டியிருக்கிறது.