அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவரை போன் செயலி கவனித்துக்கொள்ளுமா?

முழங்கால் மூட்டு மாற்றி, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த் வீட்டுக்கு வந்துவிட்ட அம்மாவுக்குச் செயலி மட்டும் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது, ஆனால் நல்ல துணை. வலி, காய்ச்சல் அளவைத் தினமும் பதிந்து, காயத்தைப் படமெடுத்து அனுப்பினால் மருத்துவக் குழு மாற்றத்தைச் சீக்கிரம் கவனிக்க முடியும். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். நம் கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. சூடு, வீக்கம், சீழ் இருந்தால் எழுதியும் சொல்லுங்கள். அப்புறம், அம்மா சொல்லும் குடைச்சலும் எரிச்சலும் வேறு வேறு வலி. ஆங்கிலச் செயலியில் இரண்டும் வெறும் எண்ணாகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே நிரப்புங்கள், தயவுசெய்து. 38 டிகிரிக்கு மேல் காய்ச்சலோ கெண்டைக்கால் வீக்கமோ வந்தால் பதிலுக்குக் காத்திருக்காமல் மருத்துவமனையை அழையுங்கள். மூச்சுத் திணறினால் செயலியைத் திறக்கவே வேண்டாம். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்: 10177, கைபேசியில் 112.